வெயில் தாழ்ந்த பின்

பங்குனி மாதம். பகல் பன்னிரண்டு மணி. களியக்காவிளையிலிருந்து பாறசாலைக்குப் போகும் சாலையில் நடப்பவர்கள் மிகக் குறைவு. தார் கொதிக்கிறது. வெறும் காலை வைக்க முடியாது. "வெயில் தாழட்டும், பிறகு போகலாம்" என்று பலரும் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

மாலை ஆறு மணிக்குப் பாருங்கள். சாலை நிறைய மனிதர்கள். சந்தைக்குப் போகிறவர்கள், கோயில் உற்சவத்துக்குப் போகிறவர்கள், காற்று வாங்க வரும் முதியவர்கள். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை. பிள்ளைகளும் வெளியே இருப்பார்கள். அதே நேரத்தில்தான் திருவனந்தபுரத்தில் வேலை முடித்தவர்கள் பைக்கிலும் பஸ்ஸிலும் திரும்புகிறார்கள். நாகர்கோவில் பக்கமிருந்து லாரிகளும் வருகின்றன.

இது பழைய 47ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை என்று ஊர்களின் நடுவே போகிறது. பல இடங்களில் கடை வாசலில் இருந்து கால் வைத்தால் சாலைதான்.

கோடையில் இங்கே சூரியன் மறைவது சுமார் ஆறரை மணிக்கு. ஏழு மணிக்குள் நன்றாக இருட்டிவிடும். நடப்பவர்களுக்கு ஆபத்தான நேரம் இது. ஏன்?

சந்தையில் மீன் வாங்கித் திரும்பும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கரும்பச்சை சேலை. தலையில் கூடை. சாலையைக் கடக்க வேண்டும். தூரத்தில் ஒரு வண்டியின் விளக்கு தெரிகிறது. "எனக்கு விளக்கு தெரிகிறது. அவனுக்கு நான் தெரியமாட்டேனா?" என்று நினைக்கிறார். காலை எடுத்து வைக்கிறார்.

தெரியமாட்டார் என்பதுதான் உண்மை. விளக்கு தானே ஒளி வீசுகிறது. அதனால் வெகு தூரத்திலேயே தெரிகிறது. மனிதர் ஒளி வீசுவதில்லை. வண்டியின் வெளிச்சம் அவர் மேல் பட்டுத் திரும்பினால்தான் ஓட்டுநருக்குத் தெரியும். கரும்பச்சைத் துணி அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஓட்டுநரின் கண் கூசும். அப்போது நடுவில் நிற்பவர் அடியோடு மறைந்துவிடுவார்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். ஓட்டுநர் ஆளைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடி ஆகும். பிறகு வண்டி நிற்க இன்னும் தூரம் வேண்டும். மொத்தம் சுமார் 40 மீட்டர். தோப்பில் 25 அடிக்கு ஒரு தென்னை நடுவார்கள் அல்லவா? ஆறு தென்னைகள் வரிசையாக நிற்கும் தூரம் அது. அந்த அம்மா மூன்றாவது தென்னை தூரத்தில்தான் ஓட்டுநரின் கண்ணில் பட்டால்?

இந்த விஷயத்தில் வெள்ளை வேட்டி கட்டிய ஆண்கள் கொடுத்துவைத்தவர்கள். வெள்ளைத் துணி சற்று முன்பே தெரியும். பெண்களும் இருட்டில் வெளியே போகும்போது வெளிர்நிறத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொள்ளலாம். கையில் ஒரு டார்ச் இருந்தால் இன்னும் நல்லது. நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக நடக்க வேண்டும். அப்போது அருகில் வரும் வண்டி எதிரே வரும். கண்ணுக்குத் தெரியும், விலகலாம். தலைச்சுமையோடு கழுத்தைத் திருப்ப முடியாது. கடக்கும் முன் நின்று, உடம்போடு திரும்பிப் பார்க்க வேண்டும்.

கோடைமழைக்கும் இதில் பங்கு உண்டு. மாதக்கணக்கில் சாலையில் சேர்ந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் குழம்பி வழுக்கும். பிரேக் பிடித்தாலும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். நடப்பவரோ மழைக்குக் குடையை முன்னால் சாய்த்துப் பிடித்திருப்பார். அவருக்கு வண்டியே தெரியாது.

நுங்கு, இளநீர், தர்பூசணிக் கடைகளின் முன் கார்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் நடுவிலிருந்து பிள்ளை ஓடிவந்தால், சாலையில் வரும் எவருக்கும் தெரியாது. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். எல்லாம் நடந்தவர்களின் கவனக்குறைவா? இல்லை. வேகம் ஒரு காரணம். நடைபாதை இல்லாததும் எரியாத தெருவிளக்கும் காரணங்கள். கேரளத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கிராம சபை கூட வேண்டும். தமிழ்நாட்டில் மே 1ஆம் தேதியும் கிராம சபை நாள். எந்த வளைவில் விளக்கு இல்லை என்று அங்கே எழுந்து சொல்லலாம், மனுவும் கொடுக்கலாம்.

விபத்து நடந்துவிட்டால் 108க்குப் போன் செய்யுங்கள். எல்லையின் இரு பக்கமும் அதே எண்தான். அடிபட்டவருக்கு உதவியவர் போலீஸிடம் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

"இடம் கேரளமா, தமிழ்நாடா?" என்ற பேச்சு எல்லை ஊர்களில் எழும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அங்கே பதிவு செய்து உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள்.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால்? எந்த வண்டி என்று தெரியாவிட்டாலும் உதவித்தொகை உண்டு. 2022 முதல், இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், பலத்த காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாய். இதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்று, விபத்து நடந்த தாலுகாவின் அலுவலகத்தில் கேளுங்கள். பாறசாலைக்காரர்களுக்கு அது நெய்யாற்றின்கரையில் இருக்கிறது.