சொறித் தேங்காயும் வேரில் கட்டும் விஷமும்

கொல்லைத் தென்னையில் வெட்டிப் போட்ட காய்களில் பாதி, மேல்தோல் பழுப்பாக வெடித்து, பிசின் காய்ந்து ஒட்டி, ஒரு பக்கம் சூம்பிக் கிடந்தால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இதைச் சாப்பிடலாமா?" என்பதுதான். தாராளமாகச் சாப்பிடலாம். அந்தச் சொறி மட்டையோடு நின்றுவிடுகிறது. காய் சிறுக்கும், பருப்பு குறையும், மட்டை இறுகி உரிப்பதற்குள் கை நோகும். ஆனால் உள்ளே இருக்கும் பருப்பும் தண்ணீரும் கெட்டுப்போவதில்லை. பயப்பட வேண்டியது, சொறியைப் போக்குகிறேன் என்று யாரோ வேரில் கட்டிவிட்டுப் போகும் மருந்துக்கு. அது மட்டையோடு நிற்காது.

சொறிக்குக் காரணம் ஈரியோபைட் சிலந்தி. பேரி மர இலைகளில் கொப்புளம் எழுப்பும் சிலந்தியும் இதே குடும்பம்தான். நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்குத் தெரியாது. மெக்சிகோவின் குரேரோ மாநிலத்தில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 1965-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். 1997-ன் இறுதியில் இலங்கையின் கற்பிட்டிப் பகுதியிலும், 1998-ல் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்திலும் இருப்பது பதிவானது. காற்றே இதன் வாகனம் என்பதால் தமிழ்நாட்டுத் தோப்புகளுக்குள் வர அதிக காலம் பிடிக்கவில்லை. உங்கள் மரத்தில் இன்று ஒழித்தாலும் அடுத்த தெருவிலிருந்து நாளை வந்துவிடும். இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பல ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம்.

உதிர்ந்து கிடக்கும் மூன்று நான்கு மாதக் குரும்பை ஒன்றை எடுத்துப் பாருங்கள். காம்பை ஒட்டித் தொப்பி போல மூடியிருக்கும் இதழ்களை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்தால், அவற்றின் அடியில், பச்சைத் தோலின் மேல் வெளுத்த முக்கோணத் திட்டு தெரியும். சிலந்திக் கூட்டம் இருப்பது அங்கேதான். ஒரு நல்ல பூதக்கண்ணாடி இருந்தால் வெள்ளைப் புழுக்கள் போல நெளிவதைக் காணலாம். அந்த இளந்தோலின் சாற்றை உறிஞ்சுவதால் செல்கள் செத்து, காய் பருக்கப் பருக்க அந்த இடம் பழுப்பாகி வெடிக்கிறது. நாம் பார்க்கும் சொறி, பல மாதங்களுக்கு முன் நடந்ததன் தழும்பு.

தழும்பு ஆறாது. பூவில் மகரந்தம் சேர்ந்து காய் முற்ற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது. ஆக, இன்று என்ன செய்தாலும் அதன் பலன் இனிமேல் பிடிக்கும் குரும்பைகளில்தான் தெரியும். ஆனால் வீட்டு வாசலில் வந்து நிற்பவர் சொல்வது வேறு. "அக்கா, ஒரு தடவை வேர்ல கட்டினா போதும், அடுத்த வெட்டுக்கே காய் பளபளன்னு இறங்கும்." அடுத்த வெட்டுக்கு இறங்கப்போகும் காய் ஏற்கெனவே பத்து மாதம் தாண்டியது. அதன் தோலை எந்த மருந்தாலும் மாற்ற முடியாது. இப்படிச் சொல்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வேரில் கட்டுவது என்றால், பென்சில் கனத்தில் உயிருள்ள ஒரு வேரைத் தோண்டி எடுத்து, நுனியைச் சாய்வாக வெட்டி, மருந்து நிரம்பிய சிறு பாலித்தீன் பையில் விட்டுக் கட்டிவிடுவது. ஒரு நாளுக்குள் பை காலியாகிவிடும். உறிஞ்சிய மருந்து சாற்றோடு மரத்துக்குள் ஏறுகிறது. குரும்பைக்குப் போகும் அதே வழிதான் இளநீருக்கும். இந்தச் சிலந்தி வந்த புதிதில் மோனோகுரோட்டோபாஸ், டிரையசோபாஸ் போன்ற கடுமையான மருந்துகள் இப்படிக் கட்டப்பட்டன. கட்டுவதற்கு முன் காய்களை இறக்கிவிட வேண்டும், கட்டிய பின் 45 நாள் மரத்தைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்த்தே சொல்லப்பட்டது. தோப்பில் இதைக் கடைப்பிடிக்கலாம். வீட்டு மரத்தில், விருந்தாளி வந்த அன்று மரமேறியைக் கூப்பிட்டு நாலு இளநீர் இறக்கச் சொல்லும்போது 45 நாள் கணக்கு யாருக்கு நினைவிருக்கும்? வாடகை வீடென்றால் மருந்து கட்டியது ஒருவர், குடிப்பது இன்னொருவர்.

டிரையசோபாஸுக்கு நாடு முழுவதும் 2020 டிசம்பர் இறுதியோடு முழுத் தடை வந்துவிட்டது. மோனோகுரோட்டோபாஸ் 36 சதவீதக் கரைசலின் பதிவையும் 2023-ல் மத்திய அரசு ரத்து செய்து, கையிருப்பைத் தீர்க்க ஓராண்டு அவகாசம் மட்டும் தந்தது. 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்டு 23 குழந்தைகள் இறந்தார்களே, அந்தச் சாப்பாட்டில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ்தான். பழைய கையிருப்பும் பெயர்ச்சீட்டு கிழிந்த பாட்டிலும் இன்னும் கைமாறக்கூடும். அதனால் "என்ன மருந்து?" என்று கேட்பதும், பாட்டிலை வாங்கி நீங்களே படிப்பதும் உங்கள் உரிமை. பெயர் சொல்லத் தயங்குபவரை மரத்தருகே விடாதீர்கள்.

பூச்சிமருந்து விற்பனைக்கு 1968-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. உரிமம் உள்ள கடை மட்டுமே விற்கலாம். ரசீது தந்தே ஆக வேண்டும். டப்பாவோடு வரும் துண்டறிக்கையில் எந்தப் பயிருக்கு, எவ்வளவு, விஷம் ஏறினால் என்ன முறிவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். டப்பாவின் முக்கோணக் குறியைப் பாருங்கள்: சிவப்பு மிகக் கடும் விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. சிவப்பும் மஞ்சளும் குழந்தைகள் விளையாடும் கொல்லைக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு தேங்காய்ச் சொறிக்காக அந்த அபாயத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதில் நியாயமே இல்லை.

மருந்தைக் கையாண்டவருக்கு வாந்தி, எச்சில் ஊறல், அளவுக்கு மீறிய வியர்வை, கண்பாவை சுருங்குதல், தசைத் துடிப்பு என்று ஏதாவது தெரிந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். மருந்து டப்பாவை மறக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த முறிவு மருந்து கொடுப்பது என்பதை மருத்துவர் அதைப் பார்த்தே விரைவாக முடிவு செய்ய முடியும்.

சரி, மரத்துக்கு என்னதான் செய்வது? முதலில் சோறு போடுங்கள். கொல்லை மரங்களில் பெரும்பாலானவை உரத்தையே பார்த்ததில்லை; பாத்திரம் கழுவிய தண்ணீரில் நிற்கின்றன. பசித்த மரத்தில்தான் சொறி அதிகம் உறைக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்தச் சிலந்திக்காகச் சொல்லும் அளவு, காய்க்கும் மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 3.5 கிலோ. பொட்டாஷை வழக்கத்தைவிடக் கூட்டியிருப்பதைக் கவனியுங்கள். இதோடு தொழுவுரம் 50 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, போராக்ஸ் 50 கிராம். ரசாயன உரங்களை ஆடியை ஒட்டி ஒரு பாதி, மார்கழி தையில் மறுபாதி என்று பிரித்து வட்டப்பாத்தியில் போட்டுத் தண்ணீர் விடுங்கள். கோடையில் மரம் காயக்கூடாது. சிலந்தி பெருகும் காலமே அதுதான். உதிர்ந்த சொறிக் குரும்பைகளை மரத்தடியில் விடாமல் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

தெளிக்க வேண்டுமென்றால் வேப்பெண்ணெய், பூண்டு, சோப்புக் கரைசல் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 20 மில்லி, அரைத்து வடிகட்டிய பூண்டு 20 கிராம், சோப்பு 5 கிராம். முதலில் சோப்பைக் கரைத்து, அதில் எண்ணெயை விட்டு நன்றாக அடித்துக் கலக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து வீணாகும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். இரண்டு முதல் ஆறு மாதக் குலைகளில், காம்பைச் சுற்றி நனையும்படி தெளிக்கச் சொல்லுங்கள்; புதிதாக வெடித்த பாளையில் வேண்டாம். வருடத்துக்கு மூன்று முறை என்பது கணக்கு. மரமேறுபவருக்குக் கையுறையும் முகமூடியும் வாங்கிக் கொடுப்பது கூலி கொடுப்பவரின் பொறுப்பு, வேப்பெண்ணெய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

மரம் மிக உயரம், தெளிக்க வழியில்லை என்றால் வேரில் கட்டலாம், ஆனால் வேம்புச் சத்தான அசாடிராக்டினை. 10,000 பிபிஎம் மருந்தென்றால் 10 மில்லியோடு அதே அளவு தண்ணீர். இதற்கும் காய்களை முதலில் இறக்கிவிட்டு 45 நாள் பொறுக்க வேண்டும். சந்தேகம் வந்தால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கலாம். 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையம் தமிழிலேயே பதில் சொல்கிறது.

ஏமாற்றப்பட்டால் சும்மா இருக்க வேண்டியதில்லை. காசு கொடுத்து மருந்து வாங்கியவரும், கூலி கொடுத்துக் கட்டச் சொன்னவரும் நுகர்வோர்தான். விதை வழக்கு ஒன்றில் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ரசீது, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் தெரியும்படி டப்பாவின் படம், மரத்தின் படம் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தீராவிட்டால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. மருந்தே போலி என்று சந்தேகித்தால் வேளாண் துறையின் பூச்சிக்கொல்லி ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். கடையில் மாதிரி எடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. வெளியில் வாங்கும் காயில் மருந்து இருக்குமோ என்று அஞ்சுபவர்களுக்கும் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் வழி வைத்திருக்கிறது: வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம்.

வேரில் எந்த மருந்து கட்டினாலும், கட்டிய தேதியையும் காய் இறக்கக்கூடிய தேதியையும் பெயின்ட்டால் மரத்தின் அடியிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். குடியிருப்பவர்களுக்கும், பக்கத்து வீட்டுக்கும், மரமேறுபவருக்கும் வாயாலும் சொல்லிவையுங்கள்.