நடுங்கும் வானில் வியாழன்

கல்முனைக் கடற்கரையில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்த இரவொன்றில், இஷாத் தொழுகை முடிந்து திரும்புகிறவர் முற்றத்துத் தொலைநோக்கியில் வியாழனைப் பார்ப்பாராயின், அக்கிரகம் ஓடைநீரடிக் கூழாங்கல்போல நடுங்குவதற்குக் காரணம், பகலில் சூடேறிய கூரைகளின் வெப்பமும் உயரே விரையும் காற்றும் ஒளியின் பாதையை இடையறாது வளைப்பதேயாம்.

ஆதலின், இரண்டொரு நிமிஷம் சலனப்படம் பிடித்து, அதிலுள்ள ஆயிரக்கணக்கான படங்களுள் வாயுமண்டலம் க்ஷணநேரம் சாந்தமுற்றபோது பதிந்தவற்றையே கணினியால் தேர்ந்து ஒன்றன்மேலொன்றாக அடுக்குவர். 10 மணி நேரத்துக்குள் தன்னைச் சுற்றிவிடும் வியாழனின் மேகப்பட்டைகள், பதிவு நீண்டால் மங்கிவிடும்.

வட அகலாங்கு 7 பாகையளவில் கிரகங்கள் உச்சியருகே ஏறுவதால், ஒளி கடக்கவேண்டிய காற்றின் கனம் குறைவது இக்கரையின் அனுகூலம். அத்தகைய அனுகூலமுள்ள பிலிப்பைன்ஸின் செபு நகரிலிருந்தே, கிறிஸ்டோபர் கோ என்னும் பொழுதுபோக்கு வானியலாளர், 2006 பெப்ரவரியில், வியாழனின் வெண்புயலொன்று செந்நிறமுற்றதைத் தம் 11 அங்குலத் தொலைநோக்கியால் கண்டறிய, ஏப்ரலில் ஹப்பிள் விண்தொலைநோக்கியும் அதை நோக்கித் திரும்பியது.