முற்றத்துப் பாதையின் கூர் ஓரங்கள்

பழைய தெல்தெனியக் கடைத்தெரு இன்று நீருக்கடியில். 1985 இல் விக்டோரியா அணைக்கட்டு திறந்துவைக்கப்பட்டது. 122 மீற்றர் உயரமான அந்தச் சுவரின் பின்னால் தேங்கிய மகாவலி, ஊரையும் வயலையும் மூடியது. நகரம் மேட்டு நிலத்தில் புதிதாக எழும்பியது. மகாவலி 'சி' வலயத்துக்குப் போன குடும்பங்கள் உண்டு. சுற்றியுள்ள சரிவுகளிலேயே வீடு கட்டியவர்களும் உண்டு. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கட்டிடங்களின் எச்சங்கள் தலைகாட்டும்.

வரம்பில் நடந்து பழகியவர்களுக்குச் சரிவில் வீடு புதுப் பாடம். முச்சக்கர வண்டியோ கை உழவு இயந்திரமோ முற்றம்வரை ஏறவேண்டுமே! மழைக்கு முன் அவசரமாகக் கொங்கிறீற் பாதை போடுகிறோம். பலகையைக் கழற்றியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். ஓரமோ கத்தி போல நிற்கிறது. ஓடிவரும் பிள்ளை விழுந்தால் முழங்கால் கிழியும். டயரின் பக்கம் வெட்டுப்படும். கூரான மூலையே முதலில் உடைந்தும் போகும்; உடைந்த இடத்தில் மழைநீர் மண்ணை அரிக்கும்.

புதிதாகப் போடுபவர்களா நீங்கள்? அப்படியானால் வேலை இலகு. மேலே கசிந்து நிற்கும் நீர் மறைந்து, கொங்கிறீற் சற்று இறுகத் தொடங்கும்போது, பலகைக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் சாந்தகப்பையின் நுனியை ஓட்டுங்கள். பின் ஓரத்தை உருட்டும் கருவியால் இழுத்தால் மூலை வளைந்துவிடும். கருவி இல்லையென்றால், அரை அங்குலக் குழாய்த் துண்டொன்றை நீளவாட்டில் அறுத்து, அதன் உட்பக்கத்தால் இழுக்கலாம். நீர் நிற்கும்போது உலர்ந்த சீமெந்தைத் தூவாதீர்கள். அந்தத் தோல் பிறகு உரிந்துவரும். ஓரத்தை மட்டுமே மழமழப்பாக்க வேண்டும். சரிவுப் பாதையின் நடுப்பகுதியைத் தும்புத்தடியால் குறுக்கே கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் மழைநாளில் வண்டியும் வழுக்கும், ஆளும் வழுக்குவார்.

பலகை கழற்றிய மறுநாள் கண்ட சிறு முனைகளைக் காபொரண்டம் கல்லும் தண்ணீரும் கொண்டு தேய்த்தெடுக்கலாம். அப்போது கொங்கிறீற் இன்னும் இளசு. ஆண்டுகள் கழிந்த ஓரமென்றால் உளியும் சுத்தியலும் வேண்டும். கண்ணாடி அணியாமல் உளி பிடிக்கவேண்டாம். முதலில் பெரிய முனைகளைச் சரிவாகக் கொத்தி எடுத்து, பிறகு ஈரக் கல்லால் தேயுங்கள்.

மின் அரைக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொங்கிறீற் தூசியில் சிலிக்கா உண்டு. அது சுவாசப்பைக்குள் சென்று தழும்பாக்கும் நோய்க்கு மாற்று மருந்தில்லை. கைலேஞ்சி கட்டினால் போதாது. தூசிக்கான முகக்கவசம் வேண்டும். பிள்ளைகள் காற்றுக்கு எதிர்ப்பக்கம் விலகியிருக்கட்டும். சாதாரண மின் இயந்திரத்தில் தண்ணீர் ஊற்றுவது உயிருக்கே ஆபத்து. கையால் தேய்ப்பதே நமக்குப் பொருத்தம், நேரம்தான் கூட.

உடைந்து குழிவிழுந்த ஓரத்தை மெல்லிய பூச்சால் மூடினால் அது நிற்காது. தளர்ந்ததை எல்லாம் கொத்தி, ஒட்டுப்போடும் விளிம்பை அரை அங்குலமாவது ஆழமாக வெட்டுங்கள். கம்பித் தூரிகையால் துடைத்து, இரவு முழுவதும் ஈரமாக வைத்திருங்கள். காலையில், நீர் தேங்காத ஈரப்பதத்தில், சீமெந்துப் பாலைப் பூசி, அது காயுமுன் ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு கழுவிய மணல் சேர்த்த சாந்தை அழுத்தி நிரப்பி, ஓரத்தை உருட்டுங்கள். வெளியே நீட்டிய கம்பி இருந்தால் உள்ளே ஓர் அங்குலம்வரை வெட்டிய பின்பே மூடுங்கள். துருப்பிடித்த கம்பி வீங்கும், கொங்கிறீற்றையே பிளக்கும்.

ஈரச் சீமெந்து கையை அரிக்கும். கையுறை போட்டு, பட்ட இடத்தை உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள். பழைய ஓரத்தில் வெட்டுப்பட்டவர் காயத்தைக் கழுவி, ஏற்பு ஊசி பற்றி மருந்தகத்தில் கேட்கவேண்டும். ஒட்டுப்போட்ட இடத்தை ஏழு நாள் ஈரச் சாக்கால் மூடிவையுங்கள். அதுவரை வண்டி பாதையோரத்திலேயே நிற்கட்டும்.