நன்கொடையும் நூதனசாலையும்: பீற்றி நூதனசாலையின் வரலாறு உணர்த்துவது

பல்கலைக்கழகத் தொல்பொருள் நூதனசாலையொன்றிற்கு நன்கொடை திரட்டுவது வெறும் தர்மகாரியமாகவே பொதுவாக நோக்கப்படுகின்றது. ஆயின், கொடுப்போர் யாவர், எதனை எதிர்பார்த்துக் கொடுக்கின்றனர், அப்பணம் எவ்வகை உழைப்பைப் பேணுகின்றது என்ற வினாக்களை எழுப்புமிடத்து, அது அறிவு உற்பத்தியின் சமூக உறவுகள் பற்றிய பிரச்சினையாகிவிடுகின்றது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பீற்றி நூதனசாலை இதனை விளக்கத் தக்க சான்றாகும்.

நாவலாசிரியையான அமெலியா எட்வேட்ஸ், 1873-74இல் நைல் நதிவழியே பயணஞ் செய்தவர். 1882இல் எகிப்து அகழ்வாய்வு நிதியம் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தவர். பிரித்தானியப் படைகள் எகிப்தை ஆக்கிரமித்ததும் அதே ஆண்டிலேயே என்பது மனங்கொள்ளத்தக்கது. 1892இல் அவர் மறைந்தபோது, தமது தொல்பொருட்களையும் நூல்களையும், எகிப்தியற் பேராசிரியர் பதவியொன்றை நிறுவுவதற்கான பணத்தையும் அக்கல்லூரிக்கு விட்டுச்சென்றார். அப்பதவியை முதலில் வகித்த பிளின்டேர்ஸ் பீற்றி, மாணவர்கள் களப்பயிற்சி பெறும்பொருட்டு 1894இல் 'எகிப்திய ஆய்வுக் கணக்கு' என்னும் நிதியைத் தொடங்கினார். 1905இல் அது எகிப்திலுள்ள பிரித்தானியத் தொல்லியற் கல்லூரியாக விரிவடைந்தது. பீற்றியின் சொந்தச் சேகரிப்பை 1913இல் பல்கலைக்கழகக் கல்லூரி விலைக்கு வாங்கியது. இன்று அந்நூதனசாலையில் ஏறத்தாழ 80,000 பொருட்கள் உள்ளன.

இந்நிதிகள் இயங்கிய முறை கூர்ந்து நோக்கற்பாலது. சந்தாதாரரின் பணத்தில் அகழ்வு நடைபெற்றது. எகிப்திய அதிகாரிகள் அகழ்வாளருக்கு ஒதுக்கிய பங்கு, பணம் உதவிய நூதனசாலைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆகவே நன்கொடை என்ற பெயரின் பின்னால் ஒருவகைப் பரிவர்த்தனையே நிகழ்ந்தது. மண்ணை அகழ்ந்த எகிப்தியத் தொழிலாளர் கூலியும், கண்டெடுத்தவற்றுக்கு இனாமும் பெற்றனர். பொருட்பங்கீட்டில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை.

இம்முறையின் மற்றொரு குறைபாட்டைத் தார்கான் உடை புலப்படுத்துகின்றது. தார்கான் என்ற இடத்தில் பீற்றி நடத்திய அகழ்வில் அழுக்கடைந்த துணிமூட்டையொன்று கிடைத்து, இலண்டனை வந்தடைந்தது. அறுபதாண்டுகளுக்கு மேலாக அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. 1977இல் துப்புரவு செய்யப்பட்டபோதே அதனுள் நெய்த சட்டையொன்று இருந்தமை தெரியவந்தது. 2016இல் வெளியான கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு, அது கி.மு. 3482க்கும் 3102க்கும் இடைப்பட்டதென நிறுவியது. உலகில் எஞ்சியுள்ள நெய்த ஆடைகளுள் மிகப் பழையதாக அது கருதப்படுகின்றது.

அகழ்ந்தெடுத்த பொருள் தானாகவே வரலாற்றுச் சான்றாகிவிடுவதில்லை. துப்புரவு செய்வோர், பதிவு செய்வோர், ஒப்பிட்டு ஆராயும் மாணவர் ஆகியோரின் உழைப்பே அதனைச் சான்றாக்குகின்றது. கண்டெடுப்பின் கவர்ச்சிக்குப் பணம் இலகுவிற் கிடைக்கும். பெயர் பொறிக்க இடமில்லாத இவ்வுழைப்புக்கு அது அரிதாகவே கிடைக்கும். 1988இல் அமைக்கப்பட்ட பீற்றி நூதனசாலை நண்பர்கள் சங்கம் பொருட்களின் பேணுகைக்கென நிதி திரட்ட முற்பட்டமை, இக்குறையை உணர்ந்ததன் விளைவெனலாம்.

எனவே, நூதனசாலைக்கு நன்கொடை கோருவோர் புதிய காட்சிப் பேழைகளுக்கு முன்னதாகப் பேணுநரின் ஊதியத்தையும் மாணவரின் களச்செலவையும் கேட்டல் வேண்டும். கொடுப்பவருக்குப் பொருள்மீதோ ஆய்வு முடிவின்மீதோ உரிமை ஏற்படலாகாது. தனியார் ஈகையைக் காரணங்காட்டி அரசும் பல்கலைக்கழகமும் தமது கடமையினின்று விலகவும் இடமளித்தலாகாது. கடந்தகாலம் மக்களின் உழைப்பால் உருவானது. அதனை அறியும் வாய்ப்பு கொடையாளரின் மனப்போக்கில் தங்கியிருத்தல் நியாயமன்று.