உங்களுக்குத் தெரியுமா? கோல் அடித்தவர்கள் பயிற்சி கொடுக்க வந்த கதை

● 1999 சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் பார்சிலோனாவில் தொடங்கியபோது இலங்கையில் நள்ளிரவு 12.45. பயர்ன் மூனிச் 6ஆவது நிமிடத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. 90 நிமிடம் முடிந்தும் மன்செஸ்டர் யுனைட்டட் ஒன்றும் போடவில்லை. 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்துக் கொடுத்த சில நிமிடங்களில் டேவிட் பெக்கம் கோர்னர் அடித்தார். ரயன் கிக்ஸ் சரியாக உதைக்காத பந்து உருண்டு வர, அதை வலைக்குள் திருப்பினார் டெடி ஷெரிங்கம். அடுத்த கோர்னரில் அவர் தலையால் தட்டிக் கொடுத்த பந்தைத்தான் சக வீரர் சோல்ஷார் வெற்றிக் கோலாக்கினார். அப்போது நம் நேரம் அதிகாலை இரண்டரை. தோட்டங்களில் பெரட்டுக்குப் போகும் அம்மாமார் எழும்புவதற்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

● அதற்கு நான்கு நாட்கள் முன்பு நடந்த எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்திலும் ஷெரிங்கம் தொடக்க அணியில் இல்லை. ரோய் கீன் காயமடைந்து வெளியேறவே உள்ளே வந்தார். வந்த இரண்டு நிமிடத்துக்குள் கோல்! போல் ஸ்கோல்ஸ் அடித்த இரண்டாவது கோலுக்கும் பந்து கொடுத்தவர் அவரே. பெரிய கிண்ணம் எதையும் அதுவரை தொடாதவர், 33 வயதில், மே 16இல் பிரீமியர் லீக், 22இல் எஃப்.ஏ. கிண்ணம், 26இல் சம்பியன்ஸ் லீக் என்று பதினொரு நாட்களுக்குள் மூன்றை வென்றார்.

● 1985இல், 19 வயதில், சுவீடனின் யூர்கோர்டன் கழகத்துக்கு இரவலாகப் போய் விளையாடியவர் ஷெரிங்கம். லண்டனின் மில்வோல் கழகம் அவரை ஆட்டம் பழகி வரட்டும் என்று அனுப்பியது.

● அவர் வேகமாக ஓடக்கூடியவர் இல்லை. பந்து எங்கே வரும், பக்கத்தில் நிற்பவன் எங்கே ஓடுவான் என்று முன்கூட்டியே கணிக்கும் புத்திதான் அவரது பலம். கால் தளர்ந்தாலும் புத்தி தளராது என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. 2006 டிசம்பர் 26 அன்று வெஸ்ட் ஹாம் அணிக்காக அவர் கோல் அடித்தபோது வயது 40 ஆண்டும் 268 நாளும். பிரீமியர் லீக்கில் அந்த வயதில் வேறு யாரும் கோல் அடித்ததில்லை.

● இப்படிப்பட்டவர் பயிற்றுவிப்பாளரானால் வெளுத்துவாங்குவார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். 2015 மே மாதம் நான்காம் நிலை லீக்கில் ஆடிய ஸ்டீவனேஜ் அவரை நியமித்தது. ஆட்கள் போதாமல், 49 வயதில் தன்னையே வீரராகவும் பதிவு செய்துகொண்டார். 2016 பெப்ரவரி 1 அன்று வேலை போனது.

● அடுத்து அவர் வந்த இடம் நமக்குக் கிட்ட, கொல்கத்தா. சௌரவ் கங்குலி பங்குதாரராக இருந்த ஏ.டி.கே. கழகம் 2014இலும் 2016இலும் இந்தியன் சூப்பர் லீக்கை வென்றிருந்தது. 2017 ஜூலையில் ஷெரிங்கம் பொறுப்பேற்றார். பழைய டொட்டன்ஹாம் நட்சத்திரம் ரொபி கீனும் அணியில் சேர்ந்தார். எதிர்பார்ப்பு வானத்தைத் தொட்டது. பத்து ஆட்டம், மூன்று வெற்றி. 2018 ஜனவரியில் விடைகொடுத்துவிட்டார்கள். அதன் பிறகு ஏ.டி.கே. மளமளவென்று எழுந்ததா? இல்லை. பத்து அணிகளில் ஒன்பதாவதாகவே முடித்தது. பத்து ஆட்டத்தில் ஒரு பயிற்றுவிப்பாளரை எடைபோடுவது அநியாயம் என்றே சொல்வேன்.

● அதே பருவத்தில் கிண்ணத்தை வென்றது நம் சென்னையின் எஃப்.சி. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வீழ்த்தியது. பயிற்றுவித்தவரும் இங்கிலாந்துக்காரர்தான். ஜோன் கிரகரி, இங்கிலாந்துக்கு ஆறே ஆட்டம் ஆடியவர். ஆனால் அஸ்டன் விலாவை 2000 எஃப்.ஏ. கிண்ண இறுதிவரை கொண்டுபோனவர். வீரராக ஷெரிங்கமின் புகழில் பாதிகூட இல்லை. பயிற்றுவிப்பாளராக இருந்த வருடங்களோ எத்தனையோ மடங்கு.

● 1994இல் ஆர்சனலுக்கு எதிராக 4 நிமிடம் 33 விநாடியில் மூன்று கோல் அடித்த லிவர்பூலின் ரொபி ஃபவ்லரும் இந்தியா வந்தார். 2020-21இல் ஈஸ்ட் பெங்கால் அணி அவர் கையில். கொரோனாவால் முழுப் பருவமும் கோவாவில், பார்வையாளர் இல்லாத மைதானங்களில். பதினொன்றில் ஒன்பதாவது இடம்.

● முன்கள வீரர் என்றால் தோற்றுத்தான் போவார் என்று அவசரப்படவேண்டாம். ஸ்கொட்லாந்தில் பிறந்து அயர்லாந்துக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடிய ஓவன் கோய்ல், 2019 டிசம்பரில் தடுமாறிக்கொண்டிருந்த சென்னையினை எடுத்து, அதே பருவத்தில் இறுதியாட்டத்தில் நிறுத்தினார். 2021-22இல் ஜம்ஷெட்பூருக்கு லீக் கேடயத்தையும் வாங்கிக் கொடுத்தார்.

● எனக்கு மிகப் பிடித்தது நீல் ஹரிஸின் கதை. மில்வோலுக்காக ஷெரிங்கம் அடித்த 111 கோல்தான் அந்தக் கழகத்தின் சாதனையாக இருந்தது. 2009 ஜனவரியில் அதை முறியடித்தவர் ஹரிஸ். 2001இல் அவருக்குப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சிகிச்சை பெற்றுத் திரும்பி வந்தே அந்தச் சாதனையைத் தாண்டினார். பெரிய கழகங்களின் பெயரும் பளபளப்பும் அவருக்கு இல்லை. ஓய்வுபெற்றதும் அதே மில்வோலில் இளையோருக்குப் பயிற்சி கொடுத்துப் படிப்படியாக மேலே வந்தார். 2015இல் தலைமைப் பயிற்றுவிப்பாளரானார். 2017இல் வெம்ப்ளியில் பிரட்ஃபோர்ட் அணியை வென்று மில்வோலை இரண்டாம் நிலை லீக்குக்கு உயர்த்தினார். மைதானத்தையும் பிள்ளைகளையும் அறிந்த ஒருவர், கீழிருந்து தொடங்கியவர். அதுதான் வித்தியாசம்.

● இதை நம் மலையகத்துக்கும் சொல்லத் தோன்றுகிறது. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்துக்குத் தோட்டம் பந்து உதைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் குறைவு. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு பயிற்றுவிப்பாளர்களுக்குத் தொடக்க நிலையிலிருந்து படிப்படியாகச் சான்றிதழ் வழங்குகிறது. அதில் சேர நட்சத்திர வீரராக இருந்திருக்கவேண்டியதில்லை. பாடசாலை அணியில் ஆடி, வேலை தேடிக் கொழும்புக்குப் போய்த் திரும்பிய அண்ணன்மாரே, அக்காமாரே, விளையாடிய காலம் முடிந்தது என்று பூட்சைக் கழற்றி வைத்துவிடாதீர்கள். உங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் கொடுத்துத் தொடங்குங்கள், சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள்.