மதகும் ஆறும்: ஆம்ப்ளிஃபயரில் கெயின் எது, வாட் எது?

மொன்றியல் நகரின் லாசால் பகுதியில் செயின்ட் லாரன்ஸ் ஆறு பாறைகளில் மோதி நுரை தள்ளி ஓடுகிறது. லசீன் நீர்ப்பாய்ச்சல் என்று இதற்குப் பெயர். கரையோரப் பூங்காவில் பழைய அணையொன்றின் எச்சம் இன்றும் கிடக்கிறது. இந்த நீர்வேகத்திலிருந்து மின்சாரம் எடுக்க 1890-களில் கட்டிய அணை அது. வீட்டு ஆடியோவில் பலரும் குழம்பும் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ள நல்ல இடம்.

மதகை ஒருவர் திருகுகிறார், தண்ணீர் பாய்கிறது. அந்த வேகம் ஆற்றுடையது, திருகியவர் கையுடையதல்ல. ஆம்ப்ளிஃபயரும் அப்படித்தான். சிடி பிளேயரிலிருந்து வரும் சின்னச் சிக்னல், மதகைத் திருகும் கை. ஸ்பீக்கரை அசைக்கும் ஆற்றலோ சுவர் பிளக்கிலிருந்து வருகிறது. கை இவ்வளவு திருகினால் மதகு எவ்வளவு உயரும் என்பது கெயின். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வாட்.

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டுமே 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தருபவை. அதற்கு ஏறத்தாழ 28 வோல்ட் வெளியே வர வேண்டும். முதலாவதன் கெயின் 29 டெசிபல், அதாவது வோல்ட்டை 28 மடங்காக்கும். 1 வோல்ட் உள்ளே போனால் போதும். இரண்டாவதன் கெயின் 23 டெசிபல், 14 மடங்கு. அதற்கு 2 வோல்ட் வேண்டும். ஒரே பாட்டு, ஒரே ஸ்பீக்கர், வால்யூம் திருகும் ஒரே இடத்தில். முதலாவது இரு மடங்கு வோல்ட்டை, அதாவது நான்கு மடங்கு வாட்டைத் தள்ளுகிறது. கேட்பவர் உடனே, "இதுக்குத்தான் பவர் கூட" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

அது தவறு. இரண்டின் உச்சமும் ஒன்றே.

சிடி பிளேயரின் முழு அளவு பொதுவாக 2 வோல்ட். முதல் ஆம்ப்ளிஃபயர் 1 வோல்ட்டிலேயே எல்லையைத் தொட்டுவிடும். அதற்கு மேல் திருகினால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். கிளிப்பிங் என்பது இதுதான். நாகஸ்வரம் கரகரக்கும், ட்வீட்டர் எரிந்தும் போகலாம். தவிலில் விழும் ஓர் அடி, பாட்டின் சராசரி ஓசையைவிட 10 டெசிபல் எழுந்தால் அந்தக் கணத்துக்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். சராசரி 2 வாட் என்றால் அடிக்கு 20. கையிருப்பு வாட் உதவுவது இங்கேதான். கெயினால் இங்கே ஒரு பயனும் இல்லை.

கெயின் மலிவான சரக்கு. இரண்டு ரெசிஸ்டர்களை மாற்றினால் கூட்டலாம், குறைக்கலாம். 1927 ஆகஸ்டில் பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரோல்ட் பிளாக், படகில் வேலைக்குப் போகும் வழியில் ஒரு செய்தித்தாள் பக்கத்தில் கிறுக்கிய யோசனை கெயினைத் தாராளமாகச் செலவழிப்பதுதான். வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கைத் தலைகீழாக்கி மீண்டும் உள்ளே விட்டால் கெயின் குறையும், ஒலிச் சிதைவும் கூடவே குறையும். இன்றைய ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை அந்த வழியில்தான் இயங்குகின்றன.

வாட்டுக்குத்தான் காசு. கனமான டிரான்ஸ்ஃபார்மர், பெரிய கப்பாசிட்டர்கள், சூட்டைத் தணிக்கும் அலுமினியத் தகடுகள் எல்லாம் அதற்காகவே. அப்படியிருந்தும் 50 வாட்டை 100 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல். காதுக்குக் கொஞ்சம் கூடியது போலத்தான் தெரியும். இரு மடங்கு சத்தமாகக் கேட்கப் பத்து மடங்கு வாட் தேவை. சுவரோடு சுவர் ஒட்டிய லாசால் அடுக்கு வீட்டில், சாதாரணமாகப் பாட்டுக் கேட்கச் சராசரியாக ஓரிரு வாட்டே தாராளம்.

எனவே வாங்கும்போது திருகு எவ்வளவு சீக்கிரம் சத்தம் போடுகிறது என்று பார்க்காதீர்கள். கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: 8 ஓமுக்கு, இரு சானலும் ஒன்றாக ஓடும்போது, தொடர்ந்து எத்தனை வாட்? அந்த முழு வாட்டுக்கு உள்ளே எத்தனை வோல்ட் போக வேண்டும்?