போட்டோ இருட்டா இருக்கா... இல்ல உங்க ஸ்கிரீன் ஏமாத்துதா?

அக்கா கல்யாணத்தில் நான் எடுத்த போட்டோக்களை போனிலேயே எடிட் செய்தேன். பார்க்க செமயா இருந்தது. ஆனால் ஆல்பம் பிரிண்ட் ஆகி வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "என்னடா, மண்டபத்துல கரன்ட் போயிடுச்சா?"

லேப் மேல் தப்பில்லை. பிரைட்னஸை முழுசா ஏத்தி வைத்துவிட்டு எடிட் செய்த நான்தான் ஏமாந்துபோனேன். அப்படியென்றால் ஒரு போட்டோவுக்கு எவ்வளவு வெளிச்சம் 'கரெக்ட்' என்பதை எப்படி முடிவு செய்வது?

கேமராவுக்குத் தெரியாத விஷயம்

சென்சாரில் பதிவாகும் வெளிச்சத்தின் அளவுதான் எக்ஸ்போஷர். இதைக் கணக்கிடும் கேமரா மீட்டருக்கு எதிரில் இருப்பது வேட்டியா, எருமையா என்று தெரியாது. காட்சி மொத்தமும் சராசரியாக ஒரு நடுத்தர சாம்பல் நிறம் என்றே அது வைத்துக்கொள்ளும்.

அதனால்தான் ஃபிரேம் முழுக்க வெள்ளை வேட்டி இருந்தால் படம் மங்கிவிடுகிறது. கறுப்பு அதிகம் இருந்தால் வெளுத்துப் போகிறது. இப்போதைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து ஓரளவு சரிசெய்கின்றன. ஆனாலும் அது ஒரு ஊகம்தான். முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியன் ஐகானை மேலே கீழே நகர்த்திப் பாருங்கள். முடிவு உங்கள் கையில் வந்துவிடும்.

ஸ்கிரீன் சொல்லும் பொய்

ஸ்கிரீன் தானாக ஒளிரும். பேப்பர் அப்படியில்லை, அறையின் வெளிச்சத்தைத் திருப்பித்தான் அனுப்பும். பிரிண்டுக்காக எடிட் செய்பவர்கள் மானிட்டரை பொதுவாக 80 முதல் 120 நிட்ஸ் அளவில் வைத்துக்கொள்வார்கள். புதிய போன்கள் பல, வெயிலில் 1,000 நிட்ஸையும் தாண்டும். அதில் 'ஓகே'வாகத் தெரியும் முகம் பேப்பரில் இருட்டாகத்தான் வரும்.

ஆட்டோ பிரைட்னஸ், 'விவிட்' மோட், நைட் மோட் எல்லாம் ஒரே படத்தை வேறு வேறாகக் காட்டும். எடிட் செய்யும்போது இவற்றை ஆஃப் செய்துவிட்டு, பிரைட்னஸை பாதியில் வையுங்கள்.

பொய் சொல்லாத வரைபடம்

ஸ்கிரீனை நம்ப முடியாதபோது கைகொடுப்பது ஹிஸ்டோகிராம். இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. வரைபடம் வலது சுவரில் மோதி நின்றால், அந்த இடத்தில் வேட்டி மடிப்பும் இல்லை, மேகமும் இல்லை, வெறும் வெள்ளை. அதை எடிட்டிங்கில் மீட்க முடியாது. இருட்டான பகுதியை ஓரளவு தூக்கிவிடலாம், கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஆனால் ஹிஸ்டோகிராமும் தீர்ப்பு சொல்லாது. கார்த்திகை தீப இரவு இடதுபக்கம் சாய்வதும், ஊட்டி பனிமூட்டம் வலதுபக்கம் சாய்வதும் இயல்புதான். மெரினா சூரிய உதயத்தில் ஆட்கள் நிழலுருவமாகத் தெரிய வேண்டுமா, முகம் தெரிய வேண்டுமா? இரண்டுமே சரி. அது உங்கள் டேஸ்ட்.

டேஸ்ட் எங்கிருந்து வருது?

இங்கேதான் கவனம் தேவை. கோடாக் நிறுவனம் கலர் பிரிண்டுகளைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு'களில் பல ஆண்டுகளாக வெள்ளைத்தோல் பெண்களின் படமே இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. கறுப்பு, பழுப்பு முகங்கள் எப்படி வந்தன என்பது கணக்கிலேயே இல்லை. கருமையான தோல் நிறங்களைச் சரியாகக் காட்டுவதற்கென்றே 2021-ல் கூகுள், பிக்சல் 6 போனில் 'ரியல் டோன்' கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆல்பத்தை மறுபடி பிரிண்ட் போடும்போது, "பொண்ணை மட்டும் இன்னும் கொஞ்சம் வெளுப்பாக்கு" என்றார் சித்தி. முகம் தெளிவாகத் தெரிய வெளிச்சம் கூட்டுவது வேறு. ஆளின் நிறத்தையே மாற்றுவது வேறு. அக்கா சொன்ன பதில்: "என் கலர்லயே போடு. அப்புறம் அது யாரோ கல்யாணம் ஆயிடும்."

முதலில் ஒரே ஒரு படத்தை டெஸ்ட் பிரிண்ட் எடுத்து, அக்காவின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிறகுதான் முழு ஆல்பமும் பிரிண்டுக்குப் போனது. உங்கள் வீட்டு ஆல்பத்துக்கும் அதையே செய்யுங்கள்.